கீழே தண்ணீர், மேலே தடை

நேற்று ராத்திரி மழை பெய்தது சுந்தரவல்லிக்கு இப்போதுதான் உறைத்தது. வண்டியை ஓரங்கட்டி, சாவியைத் திருப்பி, என்ஜின் அடங்கி, பின்னால் ஏற்றியிருந்த அண்டாக்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு ஓய்ந்த பிறகு. மழை பெய்ததே தெரியாது என்றில்லை. விடியற்காலையில் வாசலில் தேங்கிக் கிடந்ததைத் தாண்டித்தான் வண்டியை எடுத்தாள். செருப்பு நனைந்து இன்னும் நசநசக்கிறது. ஆனால் வாசலில் தேங்கிய தண்ணீரும் ரயில்வே பாலத்துக்கு அடியில் சுரங்கப்பாதையில் தேங்குகிற தண்ணீரும் ஒரே மழையில் வந்ததுதான் என்பது அந்த நேரத்தில் மண்டையில் ஏறவில்லை. மகள் சோபியின் டப்பாவில் புளிச்சோறு வைத்தாயிற்றா, பந்தல்காரர் பாத்திரம் ஏற்றக் காத்திருப்பாரே, இவ்வளவுதான் ஓடியது. தூக்கக் கலக்கத்தில் பாயில் உட்கார்ந்திருந்த பிள்ளையிடம் கிளம்பும்போதுகூடச் சொன்னாள்: "பாலத்துல ஏறாத. கீழயே போ." "சரிம்மா" என்றது. சரி என்று சொன்ன பிள்ளை இந்நேரம் அந்தச் சுரங்கப்பாதை வாயில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கும். முன்னால் இடுப்பளவு தண்ணீர் இருக்கும். கீழே போகச் சொன்ன அம்மா, கீழே தண்ணீர் நின்றால் எங்கே போவது என்று சொல்லவில்லை.

ஊருக்குள் சரக்கு வண்டிகள் காலை எட்டு மணியிலிருந்து பதினொரு மணி வரை நுழையக் கூடாது. ஊர் எல்லையில் சிவப்பு வட்டம் போட்ட போர்டு, அதன் கீழே இரண்டு இரும்புத் தடுப்பு, ஒரு பெண் போலீஸ். லோடு ஏற்றத் தாமதமாகி எட்டு மணியைக் கோட்டை விட்டவர்கள் எல்லாம் சாலையோரத்தில் வரிசை கட்டி நிற்க வேண்டியதுதான். அவளுடைய குட்டியானை மினி லாரிக்கு முன்னால் ஒரு வெங்காய லாரி, பின்னால் நாகூர்கனி பாயின் தண்ணீர்க் கேன் வண்டி. மற்ற நாளாக இருந்தால் சீட்டில் சாய்ந்து ஒரு கண் அயர்ந்துவிடுவாள். இன்றைக்கு முதுகு சீட்டில் படியவில்லை. கீழே போயிருக்குமா, மேலே போயிருக்குமா. திரும்பி வீட்டுக்குப் போயிருந்தால் நல்லது. போகாது. சோபி அப்படித் திரும்புகிற பிள்ளை இல்லை. முதன்முதலாகச் சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிற நாள், பதினொன்றாம் வகுப்பு, கவர்ன்மெண்ட் கொடுத்த புதுச் சைக்கிள், மணியைக்கூடத் துணி வைத்துத் துடைத்துவிட்டுப் படுத்த பிள்ளை, தண்ணீரைப் பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்புமா. பஸ்ஸிலேயே போகட்டும் என்றுதான் திருப்பூரிலிருந்து காத்தமுத்து போனில் சொன்னான். "படிக்கட்டுல தொங்கிக்கிட்டுப் போறதுக்கு இது மேல்" என்று புருஷனிடம் வாதாடியது இவள்தான். சைக்கிள் ஓட்டாத பொம்பளைப் பிள்ளைக்கு நாளைக்கு எந்த வண்டி கைக்கு வரும் என்று கேட்டவளும் இவள்தான். அவனுக்கு இன்றைக்கு போன் செய்து மழையைப் பற்றிச் சொன்னால் என்ன சொல்வான். ஒன்றும் சொல்ல மாட்டான், 'ம்' என்பான், அந்த 'ம்' போதும்.

பாலத்தின் அடிவாரத்திலும் ஒரு போர்டு இருக்கிறது, சைக்கிள் படம் போட்டுக் குறுக்கே சிவப்புக் கோடு. சைக்கிள்காரர்கள் பாலத்தில் ஏறக் கூடாது, சுரங்கப்பாதையில்தான் போக வேண்டும். பால் கேன் வைத்த சைக்கிள், கீரைக்கட்டு வைத்த சைக்கிள் எல்லாம் அந்தப் போர்டுக்குப் பக்கத்திலேயே மூச்சு வாங்கிக்கொண்டு மேலே ஏறுவதை இவள் தினமும் பார்க்கிறாள். பார்த்து எரிச்சல்படுவாள். ஓரமாய்ப் போய்த் தொலையேன் என்று வாய்க்குள் சொல்வாள். ஏற்றத்தில் வேகத்தைக் குறைத்தால் லோடு இழுக்காது, குறைக்காவிட்டால் சைக்கிள்காரன் முதுகில் போய் நிற்கும். அந்த முதுகில் இன்றைக்கு இரட்டைச் சடை. இந்த நினைப்பு வந்ததும் சுந்தரவல்லி கதவைத் திறந்து கீழே இறங்கினாள். இறங்கி என்ன செய்வது என்று தெரியாமல் டயரைக் காலால் உதைத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் ஏறி உட்கார்ந்தாள். போன ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பிள்ளையைச் சாலையில் ஓட்டவிட்டு இவள் பின்னாலேயே வண்டியில் போனாள், பழக்குவதற்காக. முழங்கையை விறைத்துக்கொண்டு, தோளைத் தூக்கிக்கொண்டு, காற்றில் துப்பட்டா உப்பிக்கொண்டு போனது பிள்ளை. "இடது பக்கமே ஒட்டிப் போ, யாரும் ஒண்ணும் செய்ய மாட்டாங்க" என்று ஜன்னல் வழியாகக் கத்தினாள். அப்புறம் தாண்டிப் பார்ப்போம் என்று வண்டியைக் கொஞ்சம் முன்னால் விட்டாள். இடது கண்ணாடியில் பிள்ளை இருந்தது, சிரித்தது, பிறகு இல்லை. கண்ணாடியிலும் இல்லை, ஜன்னலிலும் இல்லை. கதவுக்குப் பக்கத்தில்தான், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில்தான் மணி அடிக்கிறது, ஆளைக் காணோம். பிரேக்கை மிதித்ததில் ஸ்டியரிங் நெஞ்சில் இடித்தது. இத்தனை வருஷம் ஓட்டுகிற வண்டிக்குப் பக்கத்தில் ஒரு ஆள் மறைகிற இடம் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாமலா இருந்தது. தெரியும். ஆனால் அந்த இடத்தில் தன் பிள்ளை நின்று பார்த்ததில்லை. ஏம்மா நின்னுட்ட என்று சோபி கேட்டபோது, சும்மாதான், போ என்றாள். ஏன் சொல்லவில்லை. சொன்னால் பயந்துவிடும், பயந்த கை ஹாண்டில் பாரை ஆட்டும் என்று நினைத்தாள். நினைத்தாளா, இல்லை, வாயில் வரவில்லையா.

"என்ன வல்லி, ஏறுற, இறங்குற?" நாகூர்கனி பாய் இரண்டு டீ கிளாஸோடு ஜன்னலுக்கு வந்தார். தலை நரைத்த மனிதர், இவள் ஓட்டக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து பழக்கம். "சப்வேல தண்ணி நிக்குமா பாய்?" என்றாள். "நேத்துப் பேஞ்ச பேய் மழைக்கு முட்டளவாச்சும் நிக்கும். ஏன்?" "சோபி சைக்கிள்ல போயிருக்கா." பாய் கிளாஸை அவள் கையில் வைத்தார். "வெவரமான புள்ள. பாத்துப் போயிரும்" என்றார். வெவரமான பிள்ளை என்றால் மேலே போயிருக்கும். வெவரம் கெட்டது என்றால் தண்ணீரில் இறங்கியிருக்கும். தண்ணீருக்கு அடியில் மூடியில்லாத சாக்கடை ஏதாவது இருந்தால். டீ தொண்டையில் சுட்டது, சுட்டதுதான் தெரிந்தது, இனிப்புத் தெரியவில்லை. வகுப்பு டீச்சர் நம்பருக்கு அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. வகுப்பில் போனை எடுக்க மாட்டார்கள், அது நல்லதுதான், வகுப்பு நடக்கிறது என்றால் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்றுதானே அர்த்தம். மறுபடி அடித்தாள். "குபேந்திரன் எங்க பாய், வண்டியக் காணோம்?" என்று கேட்டாள், வேறு எதையாவது பேச வேண்டும் என்பதற்காக. "அவன் எங்க நிக்கிறான். ரேசன் கடைச் சந்துக்குள்ள விட்டு அப்பவே போயிட்டான்." ஆமாம், அவளையும் கூப்பிட்டானே. முட்டை லோடு ஏற்றிய தன் குட்டியானையின் ஜன்னலில் கையை வைத்துக்கொண்டு, "வாக்கா, பின்னாடியே வந்துரு, அஞ்சு நிமிசத்துல பாலத்தத் தாண்டிரலாம். ஓட்டல்காரன் முட்டைக்கு உசுர எடுக்கிறான்" என்றான். காதுகுத்து வீட்டில் இவளுடைய அண்டாவுக்கும்தான் காத்திருக்கிறார்கள். சமையல்காரர் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார். கை சாவிக்குப் போனது உண்மை. போன தடவை பிடித்து அபராதம் எழுதியது ஞாபகம் வந்ததால்தான் எடுக்கவில்லை, நல்ல புத்தியால் இல்லை. சந்துக்குள் திருட்டுத்தனமாக நுழைந்தவன் எப்படி ஓட்டுவான் என்று அவளுக்குத் தெரியும். கண் எல்லாம் போலீஸ் தொப்பியைத் தேடும். காக்கி எங்கே, வெள்ளைச் சட்டை எங்கே, முக்கில் யார் நிற்கிறார். போலீஸைப் பார்த்துக்கொண்டு ஓட்டுகிறவனுக்கு வேறு எதுவும் கண்ணில் படாது.

தடுப்புக்கு அந்தப் பக்கம் சாலை எப்போது நின்றுபோனது என்று அவள் கவனிக்கவில்லை. பஸ், கார், ஆட்டோ, பள்ளிக்கூட வேன் எல்லாம் அப்படியே நின்றன, ஹாரன் சத்தம் பாலத்துப் பக்கமிருந்து இங்கே வரைக்கும் ஒரே இரைச்சலாக வந்தது. பெண் போலீஸின் தோளில் இருந்த வயர்லெஸ் கரகரத்தது. இவ்வளவு தூரத்திலிருந்து கேட்காது, ஆனால் 'ஸ்கூல்' என்கிற சொல் மட்டும் காதில் விழுந்தது, அல்லது விழுந்ததாகத் தோன்றியது. சுந்தரவல்லி இறங்கிப் போனாள். நடக்கும்போதே, இது வேறு ஏதாவதாக இருக்கும், ஊர்வலமாக இருக்கும், யாரோ மந்திரி வருவார், என்று ஒவ்வொன்றாகத் தனக்குக் கொடுத்துக்கொண்டே போனாள். "என்ன மேடம், அங்க என்ன?" "பாலத்துல ஆக்சிடெண்ட். நீ வண்டிய எடுக்காத, பதினொண்ணு வரைக்கும் விட முடியாது." "யாரு?" "ஸ்கூல் புள்ளயாம்." "சைக்கிளா?" "சைக்கிள்தான்" என்றார் பெண் போலீஸ், பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தார். "எந்த ஸ்கூலு உம் புள்ள? இந்தாம்மா, நில்லு." அவள் நிற்கவில்லை. வண்டியை எடுக்க முடியாது, எடுத்தாலும் நகர முடியாது, ஓடினால் இரண்டு மைல். டீக்கடை வாசலில் பால் கேன் மாட்டிய பெரிய சைக்கிள் நின்றது. "அண்ணே, சைக்கிள்" என்றாள். வேறு வார்த்தை வரவில்லை. டீக்கடைக்காரர் அவளைப் பார்த்தார், பாய் பின்னால் வேகமாக வருவதையும் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் கேனைக் கழற்றிக் கீழே வைத்தார்.

குறுக்குக் கம்பி வைத்த ஆம்பளை சைக்கிள். சுடிதாருக்கு மேலே போட்டிருந்த காக்கிச் சட்டை காற்றில் படபடத்தது. பன்னிரண்டு, பதின்மூன்று வருஷம் இருக்கும் அவள் சைக்கிளைத் தொட்டு. கால் மறக்கவில்லை, உடம்பு மறந்திருந்தது. நின்ற வண்டிகளுக்கு நடுவே, பஸ்ஸுக்கும் காருக்கும் இடையில் இருந்த சந்துகளில் நுழைந்து நுழைந்து போனாள். இத்தனை நாள் மேலேயிருந்து பார்த்த சாலை இல்லை இது. பஸ்ஸின் சக்கரம் அவள் தோள் உயரம் இருந்தது. அதன் நட்டுகளில் ஒட்டியிருந்த சேறு காதுக்குப் பக்கத்தில் இருந்தது. ஒரு கார்க்காரன் கதவைத் திறந்தான், ஒடித்தாள், அவன் சாரி என்றானா திட்டினானா தெரியவில்லை. டப்பாவில் புளிச்சோறு. அப்பளம். அப்பளத்தைத் தனியாகப் பேப்பரில் சுற்றினாள். எல்லாப் பிள்ளைக்கும் ஒரே சைக்கிள்தானே கொடுத்தார்கள், ஒரே நிறம், ஒரே கூடை. அந்தப் பள்ளிக்கூடத்தில் மட்டும் நூறு பிள்ளை. நூறில் ஒன்று. நூறில் ஒன்றாக இருக்கட்டும் சாமி, அந்த ஒன்றாக இல்லாமல் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே மிதித்தாள். அப்படியென்றால் வேறு ஒரு வீட்டுக்குப் போகட்டும் என்றுதானே வேண்டுகிறோம் என்று தோன்றியது. தோன்றியும் வேண்டுதலை மாற்றவில்லை. சுரங்கப்பாதைக்குத் திரும்புகிற இடத்தில் ஒரு விநாடி எட்டிப் பார்த்தாள். பழுப்புத் தண்ணீர், கைப்பிடிச் சுவரின் பாதி வரைக்கும், மேலே யாருடைய செருப்போ மிதந்தது. அங்கே யாரும் இல்லை. கீழே இல்லை என்றால் மேலே. சைக்கிள் படத்துக்குக் குறுக்கே சிவப்புக் கோடு போட்ட போர்டைத் தாண்டிப் பாலத்தில் ஏறினாள். ஏற்றத்தில் தொடை எரிந்தது, மூச்சு நெஞ்சுக்குள் கத்தி மாதிரி இறங்கியது, எழுந்து நின்று மிதித்தாள். பின்னாலேயே ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது, ஆனால் அது நெருங்கவே இல்லை. எங்கோ அடியில் மாட்டிக்கொண்டு ஒரே இடத்தில் நின்று அழுதுகொண்டிருந்தது.

பாலத்தின் உச்சியில் கூட்டம். சைக்கிளைச் சாய்த்துவிட்டு முழங்கையால் இடித்துக்கொண்டு உள்ளே போனாள். முதலில் கண்ணில் பட்டது குபேந்திரனின் வண்டி. அப்புறம் அதன் இடது பக்கச் சக்கரத்தோடு ஒட்டிக் கிடந்த சைக்கிள், அந்த நிறம், அந்தக் கூடை. கால் நின்ற இடத்தில் நின்றுவிட்டது. தார் ரோட்டில் ஒரு டப்பா திறந்து கிடந்தது. சிந்தியிருந்த சோறு வெள்ளையாக இருந்தது, கடுகும் கருவேப்பிலையுமாய்த் தயிர்ச்சோறு. தயிர்ச்சோறு, புளிச்சோறு இல்லை. அவளுடைய உடம்பு முழுவதும் ஒரு குளிர்ச்சி இறங்கியது. வாய் தானாக 'அப்பாடா' என்றது. சத்தமாகச் சொன்னாளா தெரியாது. பக்கத்தில் நின்ற ஒரு பெண் திரும்பிப் பார்த்தாள். யார் வீட்டிலோ காலையில் எழுந்து தாளித்த தயிர்ச்சோறு. அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டோமே என்பது அதற்கு அடுத்த மூச்சில் வந்தது, வந்தும் அந்தக் குளிர்ச்சி போகவில்லை, இரண்டும் ஒன்றாகவே இருந்தன. கைப்பிடிச் சுவரில் சாய்ந்து ஒரு பெண் பிள்ளை உட்கார்ந்திருந்தது. அதே சீருடை, இரட்டைச் சடை. வலது கை முழங்கைக்குக் கீழே, கை போகக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. முகம் வியர்த்து வெளிறியிருந்தது, ஆனால் கண் திறந்திருந்தது. சுற்றி நின்றவர்கள் பிள்ளையைவிட அதிகமாக ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு பேசினார்கள். "சைக்கிள் வரக் கூடாதுன்னு போர்டு போட்ருக்குல்ல, படிக்கிற புள்ளதான" என்றார் ஒருவர். "லோடு வண்டி மட்டும் இந்நேரத்துல வரலாமா?" என்றார் இன்னொருவர். "ரெண்டு பேர் மேலயும் தப்புதான்" என்று மூன்றாவது ஆள் தீர்ப்புச் சொன்னார். சட்டைப் பை கிழிந்து தொங்க, குபேந்திரன் வண்டிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தான், யாரோ அடித்திருக்கிறார்கள். இவளைப் பார்த்ததும் எழ முயன்றான். "கண்ணாடியில இல்லக்கா. சத்தியமா புள்ள கண்ணாடியில இல்ல." சுந்தரவல்லிக்கு அவனை ஓங்கி அறைய வேண்டும் போலிருந்தது, அவன் சொன்னது பொய் இல்லை என்பதும் அங்கே நின்றவர்களில் அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

பிள்ளையின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். "பேரு என்னம்மா?" "நாகஜோதி." "சோபிகாவத் தெரியுமா?" "எங்க கிளாஸ்தான். எனக்கு முன்னாடி போனா." முன்னாடி போனா. மேலேதான் போயிருக்கிறாள், இந்தப் பாலத்தில், இந்த வண்டி வந்த நேரத்தில், நாலு கஜம் முன்னால். இனி போகலாம், பள்ளிக்கூட வாசலுக்குப் போய்ப் பிள்ளையைக் கண்ணால் பார்க்கலாம் என்று உடம்பு எழுந்துகொள்ளப் பார்த்தது. நாகஜோதியின் இடது கை அவளுடைய காக்கிச் சட்டையின் ஓரத்தைப் பிடித்திருந்தது. எப்போது பிடித்தது என்று தெரியவில்லை. பின்னால் ஆம்புலன்ஸ் இன்னும் அதே இடத்தில் அழுதுகொண்டிருந்தது. முன்னால் பார்த்தாள். பாலத்தின் இறக்கம், அதற்கப்பால் சாலை, ஒரு வண்டிகூட இல்லாமல் காலியாகக் கிடந்தது. எல்லா வண்டியும் பின்னால்தான் அடைத்துக்கொண்டிருக்கிறது. டிராபிக் போலீஸ்காரர் ஒருவர் போனில் போட்டோ எடுத்துவிட்டுச் சுண்ணாம்புக் கட்டியால் டயரைச் சுற்றிக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். "சார், ஆம்புலன்ஸ் மேல வராது. இந்த வண்டியிலயே ஏத்திட்டுப் போறேன். முன்னால ரோடு காலியாக் கெடக்கு." "கேஸ் வண்டிம்மா இது." "போட்டோ எடுத்தாச்சுல்ல சார். நானும் டிரைவர்தான்." அவர் பிள்ளையின் கையைப் பார்த்தார், முன்னால் காலியாகக் கிடந்த சாலையைப் பார்த்தார். "நான் பைக்குல முன்னாடி போறேன், பின்னாடியே வா" என்றார். கூட்டத்தில் இருந்த ஒரு அம்மா தன் துப்பட்டாவை உருவிக் கொடுத்தாள், கையைக் கழுத்தோடு சேர்த்துக் கட்டினார்கள். "சாவியக் குடு" என்று குபேந்திரனிடம் கேட்டு வாங்கினாள். சக்கரத்தில் ஒட்டிக் கிடந்த சைக்கிளை ஓரமாக இழுத்துப் போட்டுவிட்டு, இரண்டு பேர் சேர்ந்து பிள்ளையை முன் சீட்டில் தூக்கி வைத்தார்கள். பின்னால் முட்டைகள் நிறைய உடைந்திருந்தன, வண்டிக்குள் பச்சை முட்டை வாடை அடித்தது.

அவள் அவ்வளவு மெதுவாக எந்த லோடும் ஓட்டியதில்லை. ஒவ்வொரு குழிக்கும் நாகஜோதி பல்லைக் கடிப்பது கேட்டது. கேட்கும்போதெல்லாம் இவளும் கடித்தாள். "பேசிக்கிட்டே வா கண்ணு. என்ன நடந்துச்சு, சொல்லு." பிள்ளை விட்டு விட்டுச் சொன்னது. ஐந்து பேர் சுரங்கப்பாதையில் நின்றார்களாம். ஒரு பெரியவர் இறங்கிப் பார்த்து, சைக்கிள் சீட்டு வரைக்கும் முங்கியதும் திரும்பி வந்துவிட்டாராம். சோபிகா பாலத்தில் ஏற மாட்டேன், எங்கம்மா வேணாம்னு சொல்லியிருக்காங்க என்று நின்றாளாம். லேட்டாய்ப் போனால் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். "அப்புறம் அவதான் ஆன்ட்டி ஐடியா சொன்னா. ஒவ்வொருத்தரா, லெஃப்ட்லயே ஒட்டிப் போனா ஒண்ணும் ஆகாதுன்னு. அவங்கம்மா வண்டி ஓட்டுறவங்களாம், அவங்களுக்குத் தெரியுமாம்." சுந்தரவல்லி சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போலீஸ்காரரின் பைக் முன்னால் போனது. ஒரு திருப்பம், ஒரு மருந்துக்கடை, ஒரு பூக்கடை. அவங்களுக்குத் தெரியுமாம். ஆமாம், தெரியும். கதவுக்குப் பக்கத்தில், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், ஒரு ஆள் இல்லாமல் போகிற இடம். அந்த இடத்துக்கு இந்தப் பிள்ளையை அனுப்பியது எந்தப் போர்டும் இல்லை. ஒட்டிப் போ, ஒட்டிப் போ. சொல்லாமல் விட்ட பாதியும் சேர்ந்துதானே சொன்னதாக ஆகும். "ஆன்ட்டி" என்றது பிள்ளை. "ம்." "நான் பாலத்துல வந்தேன்னு எங்கம்மாகிட்ட சொல்லாதீங்க." கை ஒடிந்து தொங்குகிறது, அதற்கு அந்தப் பயம்தான் பெரிதாக இருந்தது. "கீழ தண்ணி கெடந்தா வேற எங்கிட்டுமா போவ" என்றாள் சுந்தரவல்லி. "நான் சொல்லிக்கிறேன், நீ கையப் பாத்துக்க."

ஆஸ்பத்திரியில் பிள்ளையை ஸ்ட்ரெச்சரில் ஏற்றி உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருக்கிறது, வேறு அடி இல்லை, தலை தப்பித்தது என்று டாக்டர் சொன்னார். ஊசி போட்டு, வராந்தாவில் ஒரு கட்டிலில் படுக்க வைத்தார்கள். அதன் பக்கத்தில் நின்றபோதுதான் போன் அடித்தது. வகுப்பு டீச்சர். "இத்தன தடவ கூப்பிட்டிருக்கீங்க, என்ன விஷயம்? சோபிகா வந்துட்டா. ஆனா வந்ததுலேருந்து அழுதுக்கிட்டே இருக்கா, என்னன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கிறா." "அவகிட்ட குடுங்க டீச்சர்" என்றாள். "அம்மா." "ம், சொல்லு." "நாகஜோதி விழுந்துட்டாம்மா. சத்தம் கேட்டுச்சு. நான் திரும்பிப் பாக்கல. பாத்தா நானும் விழுந்துருவேன்னு." "எம் பக்கத்துலதான் இருக்கா." "பேசுறாளா?" "பேசுறா. கைதான்." "நான்தாம்மா லெஃப்ட்லயே வரச் சொன்னேன்." சுந்தரவல்லி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். சுவரில் சுண்ணாம்பு உரிந்து ஒரு வட்டம் தெரிந்தது. "அது நான் சொன்னது. நீ சொன்னது இல்ல. சாயங்காலம் சைக்கிள அங்கயே வச்சிட்டு பஸ்ல வா. உங்கிட்ட ஒண்ணு காட்டணும். வண்டில உக்கார வச்சுக் காட்டணும்." "என்னதும்மா?" "வா, காட்டுறேன்." நாகஜோதி இடது கையை நீட்டியது, போனை அதன் காதில் வைத்தாள். "ஏய், சயின்ஸ் டெஸ்டு வச்சாங்களாடி?" என்று கேட்டது பிள்ளை, கேட்டுவிட்டு அழ ஆரம்பித்தது.

நாகஜோதியின் அம்மா அப்பளக் கம்பெனியிலிருந்து ஓடி வந்தாள், கையெல்லாம் உளுந்து மாவு. பிள்ளையைத் தொடவும் பயந்து, தொடாமல் நிற்கவும் முடியாமல் கட்டிலைச் சுற்றினாள். "எப்படிங்க, எங்கன?" என்று சுந்தரவல்லியைக் கேட்டாள். கட்டிலில் கண் மூடியிருந்த பிள்ளை மூச்சை நிறுத்திக்கொண்டு கேட்பது தெரிந்தது. "பாலத்துலங்க" என்றாள் சுந்தரவல்லி. போலீஸ்காரர் எழுதத்தான் போகிறார், ஒளித்து என்ன ஆகப் போகிறது. "கீழ இடுப்பளவு தண்ணி. எம் மகளும் பாலத்துலதான் போனா. புள்ளைகள ஒண்ணும் சொல்லாதீங்க. நான் போலீசுக்கும் சொல்லியிருக்கேன், கீழ தண்ணி நின்னத நானே பாத்தேன்னு." அந்த அம்மா அவளுடைய காக்கிச் சட்டையைப் பார்த்தாள். "நீங்க அந்த வண்டிக்காரரோட ஆளா?" என்று கேட்டாள். இல்லை என்று சொல்ல வாய் வந்தது. "நானும் அதே மாதிரி வண்டிதாங்க ஓட்டுறேன்" என்றாள். அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை.

குபேந்திரனின் வண்டியைப் போலீஸ்காரரிடம் விட்டுவிட்டு அவள் பாலத்துக்கு நடந்து வந்தபோது, டீக்கடைக்காரரின் சைக்கிள் உச்சியிலேயே, அவள் சாய்த்த இடத்தில் சாய்ந்திருந்தது. குபேந்திரனை ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போயிருந்தார்கள். அடைப்பு விலகி வண்டிகள் ஓட ஆரம்பித்திருந்தன, சிந்திய சோற்றின் மேலேயே ஓடின. வெயில் ஏறிவிட்டது. சைக்கிளை எடுத்துச் சாலையைக் குறுக்கே கடந்து, எதிர்ப்பக்கத்தில் இறக்கத்தைப் பார்த்து நிறுத்தியபோது, கீழேயிருந்து விசில் சத்தம் வந்தது. வேறு ஒரு போலீஸ்காரர் ஏறி வந்தார், இளம் வயது, இப்போதுதான் டியூட்டிக்கு வந்திருக்க வேண்டும். "ஏம்மா, பாலத்துல சைக்கிள் ஓட்டக் கூடாது. போர்டு பாக்கல?" "ஓட்டல சார், தள்ளிக்கிட்டுப் போறேன்." அவர் யோசித்தார். தள்ளிக்கொண்டு போவதைப் பற்றிப் போர்டில் ஒன்றும் இல்லை. "சரி சரி, ஓரமாப் போ" என்றார்.

சுந்தரவல்லி ஹாண்டில் பாரைப் பிடித்து நடந்தாள். கைப்பிடிச் சுவரை ஒட்டிப் போகவில்லை, சுவரை விட்டு நன்றாகத் தள்ளி, வருகிற எந்த வண்டிக்காரனுக்கும் முன் கண்ணாடியில் முழு ஆளாகத் தெரிகிற இடத்தில், வண்டி போகிற தடத்தின் நடுவே நடந்தாள். பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. உடம்பு ஓரத்துக்கு ஒதுங்கப் பார்த்தது, ஒதுங்கவிடாமல் காலை நேராக வைத்தாள். இன்னொரு ஹாரன், யாரோ திட்டும் குரல். திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு ஹாரன் நின்றது. பஸ்ஸின் என்ஜின் உறுமல் அவள் நடைக்குத் தக்கபடி குறைந்து, முதுகுக்குப் பின்னால் பொறுமையில்லாமல் முனகிக்கொண்டே வந்தது. அதன் பின்னால் ஒரு கார், ஒரு ஆட்டோ, இன்னும் எத்தனையோ. எதிர்ப்பக்கம், ஊருக்குள் போகிற பக்கத்தில், தடுப்பை எடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது, வெங்காய லாரி முக்கிக்கொண்டு ஏறியது. அதற்கு அடுத்து தண்ணீர்க் கேன் வண்டி. நாகூர்கனி பாய் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். அவள் முகத்தைப் பார்த்து என்ன புரிந்துகொண்டாரோ, பிள்ளையைப் பற்றிக் கேட்கவில்லை. "ஓரமா போ வல்லி, ஏத்திருவானுக" என்று மட்டும் கத்தினார். "ஓரத்துல தெரியாது பாய்" என்றாள் அவள், நடந்துகொண்டே.